மாக் எண் ஒன்றுக்கு மேல்

1.
இந்தக் கதை என்னுடையதல்ல. விசுவமடுப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் நான் தமிழ் ஆசிரியை. ஆசிரியர் அறையில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் பௌதிகவியல் கற்பிக்கும் ஞானேஸ்வரி. அவருக்கு நடந்ததை எழுதத் தொடங்கிவிட்டேன், பயத்தோடுதான்.

முதல் தொடக்கம்: "வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில், வானத்தை..."

(இல்லை. அன்று மழை. வானத்தை யாரும் பார்க்கவில்லை.)

2.
பாடம், மாக் எண். ஒரு பொருளின் வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுத்தால் வருவது. ஒன்றுக்கு மேல் போனால் பொருள் தன் ஒலியையே முந்திவிடும்.

(பக்கக் குறிப்பு: ஏர்ண்ஸ்ட் மாக் ஒஸ்திரியர். பாயும் துப்பாக்கிக் குண்டு காற்றில் எழுப்பும் அதிர்வலையை 1880களில் படம்பிடித்தவர். அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1929இல், ஆக்கரெற் என்ற சுவிஸ் பொறியியலாளர்தான் இந்த எண்ணுக்கு அவர் பெயரை வைத்தார். அடுத்ததை எழுதப் பயமாக இருப்பதால்தான் இந்தக் குறிப்பை நீட்டுகிறேன்.)

3.
யதுர்ஷிகா என்ற மாணவி எழுந்தாள். (செல் என்று அவள் சொல்வது எறிகணையை.)

"ரீச்சர், செல் கூவிக்கொண்டு வருமெண்டு அம்மா சொல்லுறவா. அது ஒண்டுக்கு மேல வந்தா முதல்ல கேக்காதோ?"

"கேக்காது. விழுந்தாப் பிறகுதான் கேக்கும்."

சொல்லிவிட்டு ஞானேஸ்வரி சோக்கைக் கீழே வைத்தார். 2009இல், போரின் கடைசி மாதங்களில், தங்கை லக்சிகாவிடம் அவர் சொல்லியிருந்தார்: "சத்தம் கேட்டவுடன பங்கருக்குள்ள ஓடிவா." தங்கை பதுங்குகுழிக்கு வெளியே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். சத்தம் வரவில்லை, செல் வந்தது. இதையும் வகுப்பில் சொன்னார். ஏன் சொன்னார் என்று அவருக்கே...

(இந்த வசனம் முடியவில்லை.)

4.
மறுநாள் காலை யதுர்ஷிகாவின் தாய் அழகம்மா பள்ளிக்கூட விறாந்தையில் வந்து நின்றார்.

"பிள்ளை வந்து சொன்னவள். என்ர மூத்தவனுக்குச் செல் விழேக்க நான் குசினியில சமைச்சுக்கொண்டு நிண்டனான். சத்தத்தைக் கவனியாமல் விட்டிட்டன் எண்டுதான் இவ்வளவு காலமும்... உண்மையா அது கேட்டிருக்காதோ, ரீச்சர்?"

"இருங்கோ அம்மா, வாறன்."

ஞானேஸ்வரி உள்ளே வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாச் செல்லும் ஒண்டுக்கு மேல வாறதில்லை. மெதுவா வாறதும் இருக்கு, அது கூவும். அவவின்ர மூத்தவனுக்கு விழுந்தது எது எண்டு எனக்குத் தெரியாதே. என்ன சொல்ல?"



5.
ஒரு முடிவு: "கேட்டிருக்காது அம்மா" என்கிறார். அந்தத் தாய் இத்தனை வருடங்களுக்குப் பிறகு...

(வெட்டிவிட்டேன். பொய்யாக இருந்தால்?)

இன்னொன்று: "தெரியாது அம்மா" என்கிறார்.

(உண்மைதான். ஆனால் அதைக் கொண்டுதான் அந்தத் தாய் வீட்டுக்குப் போகவேண்டும்.)

ஞானேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். என்ன சொன்னார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

வாசிக்கிறவரே, அழகம்மா விறாந்தைக் கதிரை விளிம்பில் உட்கார்ந்து உங்கள் வாயையே பார்க்கிறார். நீங்கள் எதைச் சொன்னாலும் நம்புவார்.