ஆண் துணை உள்ள வீடு

நவமணி டீச்சர் பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆன கதையை, கடல் கடந்த எங்கள் ஜார்ஜ் டவுனில் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த நமக்குத் தெரிந்ததுதான் சரியானது.

ஆண்கள் சிலர் கூடி நடத்திய பள்ளி அது. முந்தைய தலைமையாசிரியர் ஊருக்குக் கப்பலேறியதும், வேறு ஆள் கிடைக்காமல் நவமணியை ஆறு மாதத்துக்கு உட்கார வைத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: அவள் குடியிருக்கும் வீட்டில் ஆண் துணை இருக்க வேண்டும். போனவருக்குப் பெண் துணை வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. அவருக்கு அது தேவைக்கு மேலேயே இருந்ததாகத் தெருவில் பேச்சு.

துணைக்கு அண்ணன் கார்த்திகேசு இருந்தான். பகல் முழுக்கத் தூக்கம், சாயங்காலம் ஆர்மோனியம். இரண்டாம் மாதமே பங்சாவான் நாடகக் கம்பெனி ஒன்றோடு ஆர்மோனியத்தையும் தூக்கிக்கொண்டு அக்கரை மேடானுக்குப் போய்விட்டான். அவசரத்தில் காலுக்குப் போடும் சப்பாத்தை மறந்துவிட்டான். தங்கைக்குத் துணையாக மிஞ்சியது அதுதான்.

நவமணி அந்தச் சப்பாத்தைத் துடைத்து வீட்டு முன் அஞ்சடி நடைபாதையில் வைத்தாள். ஒருநாள் கதவுக்கு இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம். மாடி ஜன்னல் மூங்கில் கழியில் வேட்டி காய்ந்தது. பாசாரில் இரண்டு பேருக்கு மீன் வாங்கினாள்.

பள்ளியிலும் அவளுக்குப் பேச்சுத் துணை போயிருந்தது. ஐந்து வருஷமாக ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்ட குணவதி டீச்சர், இப்போது அவள் தலையைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, "உட்காருங்கம்மா" என்று எழுந்து நின்றாள். நேற்றுவரை 'வாடி' என்ற வாய்!

அண்ணன் போனதை முதலில் மோப்பம் பிடித்தவள் அடுத்த வீட்டு மஹ்பூபா, சோற்றுக்கடை சிக்கந்தரின் மனைவி. அந்நிய ஆண் இருக்கும் வீட்டுக்குள் அவள் நுழைய மாட்டாள். மற்றபடி அவள் நுழையாத வீடு அந்தத் தெருவில் கிடையாது. ஆர்மோனியம் நின்ற மூன்றாம் நாள், நாலு மணிக்கு, பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பாட்டு நின்னுபோச்சு. அண்ணன் ஓடிட்டாரா, டீச்சரக்கா?"

நவமணிக்கு அழுகை வந்தது. மஹ்பூபா அடுப்பங்கரையில் காலை நீட்டி உட்கார்ந்து, "அழுவாதீங்க லா, முதல்ல காப்பி போடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு இரண்டு குவளை காப்பி. மஹ்பூபா மாமியாரைத் திட்டுவாள், தெருவில் ஒருவரை விடாமல் நடித்துக் காட்டுவாள். அவள் சிரித்தால் பாத்திரம் அதிரும். நாள் முழுக்க 'அம்மா'வாக இருந்த நவமணி அந்த ஒரு மணி நேரம் வெறும் நவமணியாக இருந்தாள்.

ஆறாம் மாதக் கடைசியில், வேலையை நிரந்தரமாக்கும் கூட்டத்துக்கு முதல் நாள், பள்ளிச் செயலாளர் சந்திரசேகரன் வந்து நின்றார்.

"அண்ணன் இருக்காரா?"

"வெளியே போயிருக்கார்."

"மூணு தடவை வந்துட்டேன், மூணு தடவையும் வெளியேவா? வரட்டும், நான் உட்கார்றேன்." அஞ்சடியில் நாற்காலி போடச் சொன்னார். சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். "இத விட்டுட்டு வெறுங்காலோடயா போனாரு?"

எதிர்வரிசையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் புடைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

முக்காட்டை இழுத்தபடி மஹ்பூபா தன் வாசலுக்கு வந்தாள். "ஐயா, அந்த வீட்டுல ஆம்பளை இருக்காருன்னுதானே நான் உள்ள கால் வைக்கிறதில்ல! ஆறு மாசமாச்சு. எதிர்வீட்டுக்காரிங்களே, எப்பயாச்சும் பார்த்தீங்களாடி என்னை அங்க? கேளுங்க லா இந்தத் தெருவ!"

யாரும் பார்த்ததில்லை. அவள் வந்ததெல்லாம் பின்கதவு வழியாக. தெரு ஒன்றாகத் தலையாட்டியது. செயலாளர் யோசித்தார். மஹ்பூபா நுழையாத வீடு என்றால் உள்ளே ஆண்பிள்ளை இருந்தே தீரவேண்டும். இதைவிட என்ன சாட்சி? எழுந்து போனார். மறுவாரம் நியமனக் கடிதம் வந்தது.

ஒரு வாரமாக வராத மஹ்பூபா இனி வருவாள் என்று அன்று நவமணி இரண்டு குவளை காப்பி போட்டு வைத்தாள். நாலரை ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. பின்கதவு திறக்கவில்லை. முன்வாசலில்தான் குரல் கேட்டது. மஹ்பூபா படிக்கு வெளியே, மூடிய பாத்திரத்தோடு நின்றாள்.

"உள்ள வா, காப்பி ஆறுது."

"முடியாதுக்கா." குரலைத் தாழ்த்தினாள். "தெருவக் கூட்டிச் சொன்ன வாய் என் வாய். பின்னாடி வழியில எவளாச்சும் பார்த்தா உங்க வேலை போயிரும் லா."

"எத்தனை நாளைக்கு?"

"நீங்க தலைமையா இருக்கிற வரைக்கும்தான்." பிறகு, எதிர்வரிசைக்கும் கேட்கும்படி உரக்க, "அண்ணனுக்கும் சேர்த்துச் சோறு வச்சிருக்கேன்!" என்று சொல்லி, பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

நவமணி ஒரு காப்பியைக் குடித்தாள். சற்றுப் பொறுத்து மற்றதையும் குடித்தாள்.

விளக்கேற்றும் நேரத்தில் சப்பாத்தை மாடிக்கு எடுத்துப் போய்க் காலில் மாட்டிக்கொண்டாள். பலகைத் தரையில் ஜன்னலிலிருந்து சுவர்வரை, சுவரிலிருந்து ஜன்னல்வரை, அழுத்தி நடந்தாள். தெருவுக்கு நன்றாகவே கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மஹ்பூபா யாரிடமோ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்க நவமணி சுவரோரம் நின்றாள்.

நடை நின்றால் தெரு கவனிக்கும் என்று நினைவு வந்தது. மறுபடி நடந்தாள்.