முதல் வரி

என் கணவர் எழுதிய நாவல்களின் பின்னட்டையில் 'இசைப் பின்னணி கொண்டவர்' என்று போட்டிருக்கும். அந்தப் பின்னணி நான்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் மேடையில் பாட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசித்தவர். நான் ஒரு வரி பாடி நிறுத்துவேன். அவர் அதை வாங்கி, கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் குழைத்து, திருப்பி வாசிப்பார். கைதட்டல் என்னவோ எனக்குத்தான்.

தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு என் பாட்டு நின்றுபோனது. அவரும் வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். பழக்கதோஷம் விடுமா? காலையில் நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து காய் நறுக்கும்போது, முதுகுக்குப் பின்னால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் ஒரு வரி சொல்லியாக வேண்டும். "அவ கதவைப் பூட்டாமலே போயிட்டா" என்பேன். மத்தியானத்துக்குள் அது நாலு பக்கமாகிவிடும். எல்லா நாவலும் இப்படி வந்ததுதான். இப்போது கைதட்டல் அவருக்கு. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அலுத்துவிட்டது. எப்போதும் முதலில் வாய் திறப்பவளாகவே இருந்து ஓய்ந்துபோய்விட்டேன்.

இன்று காலை சொல்லிவிட்டேன். "இனிமே என்னால முடியாதுங்க. நீங்களா ஒரு வரி எழுதுங்க. இல்லேன்னா எழுதறதையே விட்டுடுங்க."

"நானாவா?" என்றார். பிறகு, "பதிப்பாளர் வேற காத்துக்கிட்டு இருக்காரே."

"அப்ப முதல் வரியை அவர்கிட்டயே கேளுங்க."

பீன்ஸ் முடிந்தது. கேரட்டும் முடிந்தது. பின்னால் சத்தமே இல்லை. பாவமாக இருந்தது. ஒரு வரி நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். அப்புறம் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"படிக்கட்டுமா?"

"படிங்க."

"இத்தனை வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்தும், அவள் ஒருநாள்கூட அவன் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை."

சுருக்கென்றது. முதலில் கோபம்தான் வந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பாடாமல் வேறு எங்கே பார்த்துப் பாடுவதாம்? கேட்டிருப்பேன். கேட்டால் அதையும் வாங்கி நாலு பக்கமாக்கிவிடுவார்.

கத்தியைக் கீழே வைத்தேன். எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

"மேல படிங்க."

"இன்னும் எழுதலையே" என்றார்.

"எழுதுங்க. நான் காத்திருக்கேன்."