இன்னும் இருபத்தெட்டு நாள்

அப்பாவுக்கு மாட்டிய கறுப்புக் கோட்டின் இடது கை பாதி வழியில் நின்றுவிட்டது. அப்பாவின் விரல்கள் இறுகத் தொடங்கியிருந்தன. பிரிஸில்லா அவற்றைக் குவித்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை துணியை இழுத்துப் பார்த்தாள். மாவுக்கட்டு இடம் கொடுக்கவில்லை.

“கட்டை வெட்டி எடுத்துரலாம்க்கா,” என்றான் தம்பி ஜெய்சன். மதுரையிலிருந்து வந்து அரைமணி நேரமாகியும் கார் சாவியைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

“வெட்டப்படாது,” என்றாள் கட்டிலின் கால்மாட்டில் நின்ற அம்மா கிரேஸ். “எலும்பு டாக்டர் நாப்பது நாளுன்னு சொல்லியிருக்காரு. பன்னெண்டுதான் ஆவுது. இன்னும் இருவத்தெட்டு நாள் கெடக்கு.”

“எம்மா, அப்பா இறந்துட்டாங்கம்மா.”

“எனக்குத் தெரியாதாலே? பக்கத்துல படுத்திருந்தது நாந்தானே.”

கிருபைராஜ் எழுபத்திரண்டு வயது வரை விழுந்துகொண்டே இருந்தவர். கல்யாணத்தன்று கோயில் படியில் தடுக்கி விழுந்து, நெற்றியில் பிளாஸ்திரியோடு தாலி கட்டினார். கூடத்துச் சுவரிலிருக்கும் படத்தில் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள். பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் பதிவறை ஏணியிலிருந்து விழுந்து, ஒரு பாகப்பிரிவினை வழக்கின் காகிதங்களை மூன்று நாள் தேட வைத்தார். குறுக்குத்துறையில் வழுக்கி ஆற்றோடு போனவர், குளித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு கரையேறினார். துண்டுக்காரர் ஆற்றிலேயே நிற்க வேண்டியதாயிற்று. கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட வேப்பமரத்தில் ஏறி விழாத டிசம்பர் குறைவு. ஸ்டாருக்கு மட்டும் ஒன்றும் ஆகாது.

ஒவ்வொரு முறை அவர் பிழைத்தபோதும் அம்மா ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் காரணத்தை எழுதிக் கோயிலில் போடுவாள். ஞாயிறு ஆராதனையில் போதகர் அதை உரக்க வாசிப்பார். ‘பஸ்ஸிலிருந்து விழுந்தும் இரண்டு பல் மட்டும் போனதற்காக, கிருபைராஜ் குடும்பத்தார்.’ பின்வரிசையில் யாராவது இருமுவார்கள். அந்த இருமல் எதற்கென்று ஜெய்சனுக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிட்டது.

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அப்பா விழுந்தால் யாரும் ஓடிப்போய்த் தூக்கக்கூடாது. அம்மா போட்ட சட்டம். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்க்க வேண்டும். பின்னால் முழங்கால் சொடுக்கும் சத்தம் கேட்கும், பிறகு செருமல், அதன்பின் “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்ற குரல். அப்போதுதான் திரும்பலாம்.

பன்னிரண்டு நாளுக்கு முன், துட்டி கேட்கப் போன சாவு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரிந்து விழுந்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு வீடு திரும்பியவர், “துக்கத்தைக் கொஞ்சம் கொறச்சி விட்டுட்டு வந்தேன்,” என்றார்.

இன்று விடியற்காலை, அகலமான கட்டிலின் நடுவில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடுத்த வீட்டு சிவசண்முகம் அதுவரை முற்றத்தில் இருந்தார். பந்தல்காரர் இறக்கிய நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடமாக அப்பாவைத் தன் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். உள்ளே வந்து கட்டிலருகே நின்றார்.

“என்னவே இது? படுத்த எடத்துலயே போயிட்டீரு? வெளிய சொன்னா எவன்வே நம்புவான்? பேருக்கு ஒரு செராய்ப்பாவது வேண்டாமா?” என்றவர், துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க,” என்றான் ஜெய்சன். “எங்க பேங்க்லேருந்து எல்லாரும் வாராங்க. கடைசியா ஒரு நாளாவது அப்பா கட்டு, பிளாஸ்திரி இல்லாம இருக்கட்டுமே.”

“நான் என்னத்தச் சொல்ல மக்கா? டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. கோணலாச் சேந்துச்சுன்னா அப்புறம் எப்பவும் கோணல்தான்னாரு.”

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். “கேட்டியா? கடைசி நாள்ல எக்காளம் ஊதையில செத்தவங்க எல்லாரும் எந்திரிப்பாங்கள்லா? ஒங்க அப்பா இடது கையைத்தான ஊனி எந்திரிப்பாங்க? அன்னைக்கு மட்டும் கை வெலகுனா யாரு பதில் சொல்லுவா?”

ஒன்பது மணிக்குப் போதகர் ஜெபசீலன் வந்ததும் ஜெய்சன் வழக்கை அவரிடம் கொண்டுபோனான். அவர் இந்தச் சபைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அதற்குள் மூன்று உறைகளை வாசித்துவிட்டார்.

“உயிர்த்தெழுதலின் சரீரம் மகிமையுள்ளதா இருக்கும்மா,” என்றார். “எலும்பெல்லாம் நேராத்தான் இருக்கும்.”

“எப்படியும் நேராயிரும்னா, கட்டு இருந்தா என்னங்கய்யா? அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போவுது.”

போதகர் அடக்க ஆராதனைப் புத்தகத்தைத் திறந்து, இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார். “முறைமையில அதுக்கு விரோதமா ஒண்ணுமில்ல,” என்றார் ஜெய்சனைப் பார்க்காமல்.

அவர் வெளியே போனதும் ஜெய்சன் அக்காவின் காதருகே வந்தான். “நீ அம்மாவை அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போ. ரெண்டு நிமிஷத்துல வெட்டிருதேன்.” அவன் கையில் பெரிய கத்தரிக்கோல் இருந்தது.

பிரிஸில்லாவுக்குக் களைப்பாக இருந்தது. யாராவது ஒருவர் ஜெயித்துவிட்டால் போதும் என்றிருந்தது. அம்மாவின் தோளைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். அடுப்பில் பாத்திரம் வைத்திருந்தது. அதில் இரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றியிருந்தது, தினமும் ஊற்றுகிற அளவு. அடுப்பு பற்ற வைக்கப்படவில்லை.

“காப்பி போட எந்திரிச்சப்பதான் தெரிஞ்சுதாம்மா?”

“ஆமா. நாலே முக்கால் இருக்கும்.”

“என்னைய ஆறு மணிக்குத்தான எழுப்புன?”

அம்மா பாத்திரத்தின் விளிம்பை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

“கட்டில்ல உக்காந்து மொகத்தத் திருப்பிக்கிட்டேன்,” என்றாள். “சன்னல் வழியா மரத்தப் பாத்துட்டே இருந்தேன். இருட்டா இருந்துச்சு. பொறவு விடிஞ்சுட்டு.”

ஆறு வருடத்துக்கு முன், கணவன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு பிரிஸில்லா இந்த வாசலில் வந்து நின்றாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பி வேப்பமரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போது அவளுக்குக் கோபம்தான் வந்தது. செருப்பைக் கழற்றி, தொண்டையைச் செருமி, “ஒண்ணுமில்லப்பா,” என்று அவள் சொன்ன பிறகுதான் திரும்பினார். “சாப்பிட்டியாட்டி?” என்று கேட்டார்.

அவள் வேகமாக அறைக்குத் திரும்பினாள். ஜெய்சன் கத்தரிக்கோலின் முனையைக் கட்டுக்குள் நுழைக்க வழி தேடிக்கொண்டிருந்தான். வியர்த்திருந்தது.

“கொண்டாலே இங்க.”

வாங்கி, கோட்டின் கையை விளிம்பிலிருந்து முழங்கைக்கு மேல்வரை ஒரே கோடாக வெட்டினாள்.

“புதுக் கோட்டுக்கா! நான் எடுத்துக் குடுத்தது.”

“தெரியும். அந்தப் பக்கம் துணியப் பிடி.”

அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே பிடித்தான். சிவசண்முகம் வந்து ஊக்குகள் கொடுத்தார். வெள்ளைக் கட்டு கறுப்புக் கோட்டுக்கு வெளியே, நெஞ்சின் மேல் நன்றாகத் தெரிந்தது.

நான்கு மணிக்கு முற்றத்தில் பாட்டு முடிந்தது. பெட்டிக்காரர்கள் இருவர் சவப்பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தார்கள். பேங்க் ஆட்கள் முன்வரிசையில் உறுதியான நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பெட்டியருகே போய், கட்டுப் போட்ட கை ஆடாதபடி அதனடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்தாள். பிறகு பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

பெட்டிக்காரர்கள் போதகரைப் பார்த்தார்கள். போதகர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பிரிஸில்லா அம்மாவின் பக்கத்தில் போய், அவளைப் போலவே திரும்பி நின்றாள். ஜெய்சன் ஒரு தடவை முன்வரிசையைப் பார்த்தான். பிறகு அவனும் வந்து திரும்பிக்கொண்டான்.

“மூடியத் தரையில எறக்கி வைங்கடே,” என்று பின்னால் சிவசண்முகத்தின் குரல் கேட்டது. “அவசரமில்ல, பைய மூடலாம்.”

போன டிசம்பரில் வேப்பமரத்தில் அப்பா கட்டிய ஸ்டார், அவிழ்க்க ஏறவேண்டாமென்று அவரைத் தடுத்துவிட்டதால், வெளுத்துப்போய் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.