வக்ஃப் செருப்பில் வந்தவர்

அந்த வெள்ளிக்கிழமை நான் வீட்டை விட்டுக் கிளம்பியபோது வாசல் அடுக்கில் அந்தப் பழுப்புத் தோல் செருப்பு இருந்ததா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. இருந்தது என்றுதான் நினைவு சொல்கிறது. மினுமினுக்கும் புது வார், பக்கத்தில் பித்தளை வளையம். யூசுப் மச்சானுக்கு இந்த வயதில் எதற்கு இந்தப் பகட்டு என்று முகம் சுளித்தேன். உள்ளே அவர் தொண்டையைச் செருமும் சத்தம்கூடக் கேட்டது. ஆனால் லைலா அக்கா இதை ஒத்துக்கொள்வதில்லை. நான் இறங்கிப் போன பிறகுதான் மச்சான் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தாராம். அப்படியானால் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது அக்கா, டவுனில் சின்னதாகக் கடை வைத்திருந்த அவள் கணவர் யூசுப் மச்சான், நான், மூவரும் டவுனை ஒட்டிய டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு பல் மருத்துவரிடம் முன்மேசை வேலை; மிச்ச நேரமெல்லாம் புத்தகம். நாள் முழுக்கப் பேசாமல் இருக்கச் சொன்னாலும் இருப்பேன். ஆனால் யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பேன். சட்டையை எல்லோரும் யோசித்துப் போடுகிறார்கள். சும்மா ஒரு டீ குடிக்கப் போகும்போது காலில் எதை மாட்டுகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை, அதனால் ஆள் அங்கேதான் இருக்கிறான் என்பது என் எண்ணம். அதற்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு பேரை அப்படித்தான் கழித்தேன். ஒருவர் கூர்முனைச் சப்பாத்தில் வந்தார். இன்னொருவர் குதிகால் பக்கம் மிதித்து மடித்த கேன்வாஸில்.

ஹைக்கல் மூன்றாவது ஆள். பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். அரை நாள் லீவு போட்டு, டவுனில் ஜும்ஆ தொழுதுவிட்டு, மூன்று மணிக்கு சூலியா தெருப் பக்கம் ஒரு டீக்கடைக்கு வருவதாக ஏற்பாடு.

"இந்தத் தடவையாச்சும் நிமிந்து மூஞ்சியப் பாருடி ஹுஸ்னா" என்றாள் அக்கா. "நீ கட்டிக்கப் போறது மனுசனையா, சப்பாத்துக் கடையையா?"

"பாக்குறேன்."

"ராத்திரி இஷா தொழுகைக்கு அப்புறம் அவங்க வீட்ல போன் பண்ணுவாங்க. ஆமாவா இல்லையான்னு அதுக்குள்ள சொல்லிரு லா. இதுக்கு மேல யாரும் வந்து கேக்க மாட்டாங்க."

அது பயமுறுத்தல் இல்லை. உண்மை.

மழை வரப்போகும் வெளிச்சம் தெருவெங்கும் இருந்தது. கடைகளின் பழைய சுவர்கள் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் தெரிந்தன. ஐந்தடி நடைபாதையில் போட்டிருந்த மேசையில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் கழித்து ஒருவர் வேகமாக வந்து என் எதிரில் நின்றார். நான் நிமிரவில்லை.

பச்சை ரப்பர் சிலிப்பர். இரண்டிலும் குதிகால் படும் இடத்தில் வெள்ளைச் சாயத்தால் பெரிதாக 'வக்ஃப்' என்று எழுதியிருந்தது. பள்ளிவாசலின் சொத்து; தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கும் இடத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டிருப்பது. வாசலைத் தாண்டி யாரும் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த எழுத்தே.

"மன்னிச்சிருங்க. லேட்டாயிருச்சு."

"ரெண்டு நிமிஷந்தான்."

உட்கார்ந்ததும் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். இஞ்சி டீ சொன்னார். எனக்கும் சேர்த்து இரண்டு. பிறகு வெகு நேரம் நாங்கள் எதுவும் பேசவில்லை. மேலே மின்விசிறி சுற்றியது. எதிர்க்கடையில் ஒருவர் மஞ்சள் துணியை விரித்து, பார்த்து, மடித்து, மறுபடி விரித்தார். பேச்சில்லாத இடத்தில் மற்றவர்கள் எதையாவது போட்டு நிரப்புவார்கள், இவர் நிரப்பவில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் எரிச்சல் வந்தது. பள்ளிவாசல் பொருளை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்த ஒருவருடன் எனக்கு ஏன் இத்தனை நிம்மதியாக இருக்க வேண்டும்?

"பையில என்ன புத்தகம்?"

"கப்பல்ல போனவங்க கதை."

"கரை சேர்றாங்களா?"

"பாதிதான் படிச்சிருக்கேன்."

"அப்ப சொல்லாதீங்க. நானும் படிக்கணும்."

அக்காவிடம் சொல்லப்போகும் பதிலை மனதுக்குள் எழுதி வைத்துவிட்டிருந்தேன். இல்லை என்று. காரணம் கேட்டால் சிலிப்பர் என்று சொல்ல முடியாது. வேறு ஏதாவது தேட வேண்டும். தேடிக்கொண்டே டீயைக் குடித்தேன்.

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அஸர் தொழுகைக்கு முன்னாடி பள்ளிக்கு ஒரு நட போகணும். பக்கந்தான். வர்றீங்களா?"

போனேன். தூறல் தொடங்கியிருந்தது. கேட்டுக்கு உள்ளே, ஒளு எடுக்கும் இடத்தில், அவர் சிலிப்பரைக் கழற்றிக் குழாயில் கழுவினார். அடியில் ஒட்டிய மண்ணை விரலால் தேய்த்து எடுத்தார். மற்ற பச்சைச் சிலிப்பர்களின் வரிசையில் ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு என்னிடம் வந்தார்.

"உங்க செருப்பு?"

"தொழுதுட்டு வந்தேன், காணோம். யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க. காத்திருந்து பாத்தேன், வரல. நீங்க தனியா உக்காந்திருப்பீங்களேன்னு பாங்கு சொல்ற பிலால்கிட்ட சொல்லிட்டு இதப் போட்டுக்கிட்டு ஓடி வந்தேன்."

"அங்கயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கீழயே பாத்துக்கிட்டு இருந்தீங்க. கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"திருடிட்டு வந்தீங்கன்னு நெனச்சேன்."

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. "மாத்திப் போட்டவரு தன்னோடத விட்டுட்டுத்தான் போயிருக்காரு. அதோ. ஆனா அதுக்கு ஒரு ஆள் இருக்காரே, எப்படிப் போடுறது?"

அவர் காட்டிய திசையில் பார்த்தேன். படிக்குப் பக்கத்தில் ஒற்றை ஜோடியாக ஒரு கறுப்புச் செருப்பு. இடது வார் நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது. கறுப்பு நூல் தீர்ந்துவிட்டதென்று அக்கா தைத்தது; நான்தான் ஊசியில் கோத்துக் கொடுத்தேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"மச்சான் எந்தச் செருப்புல வந்தாரு, பாரு."

"அடிப்பாவி, அங்க போயும் செருப்புதானா?"

"வாசல்ல போய்ப் பாருக்கா."

கதவு திறக்கும் சத்தம். பிறகு, "யா அல்லா, இது யாருதுடி? பிரௌன் கலரு, வளையமெல்லாம் வச்சு."

பின்னால் மச்சானின் குரல் கேட்டது. "நானும் வழியெல்லாம் யோசிச்சேன், என்னடா இறுக்குதே, கால் வீங்கிருச்சான்னு."

"போன மாசம் குடைய மாத்திக் கொண்டாந்தீங்க. அடுத்த மாசம் யாரைக் கொண்டாரப் போறீங்க?" என்றாள் அக்கா.

நான் போனை வைத்துவிட்டு நின்றேன். பித்தளை வளையம், மினுமினுப்பு, பகட்டு. இந்த மனிதரை நான் ஒரே மதியத்தில் இரண்டு தடவை கழித்திருந்தேன். ஒரு தடவை ஆளே இல்லாமல். அதை அவரிடம் சொல்லவில்லை.

"அது எங்க மச்சானோடது. உங்களோடது எங்க வீட்டு வாசல்ல இருக்கு."

அவர் கறுப்புச் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப வீட்டு ஆளு நீங்க அனுமதி குடுத்தா போட்டுக்கிறேன்."

"போட்டுக்குங்க."

அவர் கார் எங்கோ நின்றிருந்தது. இருந்தும் நடந்தோம். மச்சானின் செருப்பு அவருக்குப் பெரிது. ஒவ்வோர் அடிக்கும் டப், டப் என்று அடித்தது. தூறலில் தார் ரோடு கண்ணாடியாகியிருந்தது; நாங்கள் அதன்மேல் தலைகீழாக நடந்தோம். டத்தோ கிராமாட் வரை அந்தச் சத்தம் மட்டும் கூடவே வந்தது. அது நிற்காமல் இருந்தால் போதும் என்று தோன்றியது.

மச்சான் வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டார். அக்கா சோறு போட்டு அனுப்பினாள். கிளம்பும்போது ஹைக்கல் தன் பழுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்தப் பகட்டு அவருக்குப் பொருந்தவே இல்லை.

இஷா முடிந்து போன் வந்தது. அக்கா கைபேசியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன சொல்ல?"

"சரின்னு சொல்லு."

"செருப்பு?"

"அது மட்டமாத்தான் இருக்கு."

மறு வருடம் எங்களுக்கு நிக்காஹ் நடந்தது. பாயான் பாருவில் குடியிருக்கிறோம். நான்கு வயதில் ஒரு மகள். சில நாள் அவருடைய மௌனம் எனக்கே பாரமாக இருக்கும், சில நாள் என்னுடையது அவருக்கு. பழுப்புச் செருப்பின் அடி இரண்டாம் மழைக்காலத்தில் பிரிந்தது, குப்பையில் போட்டோம். மச்சான் கடையை விற்றுவிட்டார். முழங்கால் வலியால் இப்போது வீட்டிலேயே தொழுகிறார். அக்கா நலமாக இருக்கிறாள். நான் கிளம்பியபோது வாசலில் அந்தச் செருப்பு இல்லவே இல்லை என்றுதான் இன்றும் சொல்கிறாள்.