உண்டாவதற்கு முன்பே ஓர் அப்பாயின்ட்மென்ட்

அட்டையில் இருந்த கடைசி மாத்திரையும் தீர்ந்துபோன மறுநாள் காலை சிட்டுவுக்குத் தலைகால் புரியவில்லை. காலி அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டாள். அது போதாதென்று கூடைக்கு எதிரே நின்று பெரிதாக ஒரு கும்பிடும் போட்டாள். பல் துலக்கிக்கொண்டிருந்த கணவன் வாயில் நுரையோடு எட்டிப் பார்த்தான்.

"என்ன, குப்பைக்குக் கும்பிடு போடுற?"

"இத்தனை நாளா நமக்குக் காவல் காத்துச்சே, நன்றி சொல்ல வேண்டாமா? இனிமே காவல் கிடையாது. கதவைத் திறந்தாச்சு!"

அவனுக்குச் சிரிப்பில் புரையேறியது. அவள் அவன் தலையைத் தட்டினாள். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

சிட்டு கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவள். உருவம் சின்னது, ஓரிடத்தில் நிற்காத கால், ஓயாத வாய். அதனால் பட்டறையில் வைத்த பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில் இருவருக்கும் வேலை நிலையாக இல்லை. பிள்ளைக்குக் கொஞ்ச காலம் போகட்டும் என்று இருவரும் பேசி முடிவெடுத்துத்தான் அவள் கருத்தடை மாத்திரை போட ஆரம்பித்தாள். இப்போதும் இருவரும் பேசித்தான் நிறுத்தினார்கள்.

ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பெயின்டில் கலக்கும் தின்னரின் வாடை குளித்த பிறகும் அவள் தலைமுடியை விட்டுப் போகாது.

"நாள் பூரா இந்த நாத்தத்துலதான் நிக்கிறேன். எனக்குப் பழகிப்போச்சு. உள்ளே ஒரு ஆள் வந்தா அதுக்கு ஒத்துக்குமா? வந்த பிறகு கேக்கறதை வர்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டா என்ன?"

"கேட்டுடுவோம். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கு. நானும் வர்றேன்" என்றான் அவன்.

பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பக்கத்தில் கம்ப்ரசர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறுகாதில் போனை அழுத்திக்கொண்டு கத்தினாள்.

"மகப்பேறு டாக்டரைப் பார்க்கணுங்க!"

"எத்தனை மாசம்?"

"இன்னும் ஆகலைங்க!"

"கல்யாணமாகி எத்தனை வருஷமா குழந்தை இல்லை?"

"இல்லாம இல்லைங்க, இப்போதான் பெத்துக்கப் போறோம்!"

"உடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலைங்க, நல்லாத்தான் இருக்கேன்!"

"அப்புறம் எதுக்கும்மா டாக்டர்?"

சிட்டு மூச்சை இழுத்துப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து யாரோ கம்ப்ரசரை நிறுத்தினார்கள்.

"மாத்திரையை நிறுத்திட்டேங்க! இனிமே குழந்தைக்கு முயற்சி பண்ணப் போறோம்!"

பட்டறை கப்சிப் என்றானது. உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. பட்டறை முதலாளி ஒரு காரின் கதவுக்குப் பின்னால் மெல்லக் குனிந்து மறைந்தார். போனில் வந்த குரலோ, "முதல்ல உண்டாகட்டும், அப்புறம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டது.

முகம் சிவந்துபோன சிட்டு திரும்பிப் பார்த்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? "எல்லாரும் கேட்டாச்சா? கேக்காதவங்க யாராவது இருந்தா மறுபடி சொல்றேன்" என்றாள். பட்டறையே வெடித்துச் சிரித்தது. கதவுக்குப் பின்னாலிருந்து முதலாளியின் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது.

வீட்டில் அவ்வளவு சுலபமாக இல்லை. மாடிப் பகுதியில் கணவனின் அக்கா தன் கணவரோடு குடியிருந்தார். அவர் வாயைத் திறந்தால் உத்தரவுதான் வரும் என்பதால் தம்பி அவருக்கு வைத்த பெயர் கலெக்டர். அவர் அதட்டாத ஆள் கிடையாது. சிட்டுவுக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடிய உட்கார்ந்திருப்பதும் அவர்தான். அவருக்குக் குழந்தை இல்லை. இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் தங்காமல் போய்விட்டது. அவருக்கு ராசியில்லை என்று சொந்தக்காரர்கள் பேசித் தீர்த்தார்கள். கலெக்டரும் அதை நம்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

சிட்டு விஷயத்தைச் சொன்னதும் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்கிற உடம்பைக் கொண்டுபோய் எதுக்குடி டாக்டர்கிட்ட காட்டணும்? அவங்க ஏதாவது ஒண்ணைக் கண்டுபிடிச்சுத்தான் அனுப்புவாங்க. நாங்கள்லாம் கேட்டுக்கிட்டா உண்டானோம்?"

சொல்லிவிட்டு அவரே சட்டென்று நிறுத்திக்கொண்டார். முகம் சுண்டிப்போனது. சிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "போ, போய் வேலையைப் பாரு. யாராவது கேட்டா சிரிப்பாங்க" என்று கலெக்டர் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார்.

சிரித்தால் சிரிக்கட்டும் என்று சிட்டு மறுநாள் நேராகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூடத்தில் உட்கார இடமில்லை. ஒரு பக்கம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கர்ப்பிணிகள். இன்னொரு பக்கம் குழந்தைக்காகப் பல வருடம் காத்திருந்து களைத்த முகங்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"உண்டானவங்களுக்கு ஒரு வரிசை, உண்டாகாதவங்களுக்கு ஒரு வரிசை. நீங்க ரெண்டுலயும் வர மாட்டீங்களே."

"அப்போ எனக்குன்னு மூணாவதா ஒரு வரிசை போடுங்க. நான்தான் முதல் ஆள், தள்ளுமுள்ளே இருக்காது."

மேசைப் பெண்ணின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. அந்த நேரத்தில் வேலைச் சீருடையில், கையெல்லாம் கிரீஸோடு சிட்டுவின் கணவன் அரக்கப்பரக்க உள்ளே ஓடிவந்தான். மேசைப் பெண் அவனைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள்.

"அப்பாடா, வந்துட்டீங்களா! காலையிலிருந்து போன் பண்றோம். லிஃப்ட் ரெண்டாவது மாடியில நிக்குது, சீக்கிரம் போங்க!"

"மேடம், நான் லிஃப்டுக்கு வரலை. பிள்ளைக்கு வந்தேன்."

கூடம் முழுக்கச் சிரிப்பு பரவியது. களைத்த முகங்கள்கூடச் சிரித்தன. மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்ததும் அவள் குரலே மாறியிருந்தது.

"அடுத்த வாரம் ஒருத்தங்க வரலைன்னு சொல்லியிருக்காங்க. அந்த நேரத்தை உங்களுக்குத் தர்றேன். காரணம்னு என்ன போடட்டும்?"

"சந்தேகம் கேக்கன்னு போடுங்க" என்றாள் சிட்டு.

சொல்லாமல் கொள்ளாமல் அவன் மாடிக்குப் போய் லிஃப்டையும் பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

அந்த ஒரு வாரம் சிட்டு தரையில் நடக்கவில்லை. அப்பாயின்ட்மென்ட் அன்று புதுச் சுடிதார் போட்டுக்கொண்டாள். டாக்டர் நடுவயது அம்மா. அதிகம் சிரிக்காத முகம். சிட்டு படபடவென்று கேட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தக் கேள்வியெல்லாம் வயித்துல மூணு மாசம் ஆன பிறகுதான் என்கிட்ட வரும். நீங்க முன்னாடியே கொண்டு வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்" என்றார்.

அதன் பிறகு கேள்வி கேட்பது அவர் முறையாயிற்று. பெயின்ட் அடிக்கும் அறையில் காற்றோட்டம் உண்டா, என்ன முகமூடி, வேறு என்ன மாத்திரை, வீட்டில் யாருக்காவது சர்க்கரையா? கடைசியில் கணவன் பக்கம் திரும்பினார்.

"நீங்க சிகரெட்?"

"அது... எப்பவாவது, டாக்டர்."

"எப்பவாவதா, எப்பவுமா?" என்று சிட்டு குறுக்கே புகுந்தாள்.

"விட்டுடுங்க. பிள்ளை ரெண்டு பேரோடதும்தானே? அவங்க மட்டும் ஏன் உடம்பைப் பார்த்துக்கணும்?" என்றார் டாக்டர். அவன் தலையை ஆட்டினான். வெளியே வந்ததும் பாக்கெட்டில் இருந்ததை எடுத்துக் கசக்கி எறிந்தான்.

பெயின்ட் அடிக்கும் அறையை இப்போதைக்குத் தவிர்க்கச் சொன்னார் டாக்டர். ஃபோலிக் அமில மாத்திரையை இன்றிலிருந்தே போடச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். பட்டறை முதலாளியிடம் வேலை மாற்றிக் கேட்கத் தயங்கிக்கொண்டே போனாள் சிட்டு. அவரோ, "ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னியேம்மா, நான் மாத்தாம இருப்பேனா?" என்று, முடிந்த வண்டிகளைச் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்தார்.

ரத்தப் பரிசோதனை முடிவில்தான் சின்ன இடி விழுந்தது.

"தைராய்டு கொஞ்சம் மந்தமா இருக்கு" என்றார் டாக்டர். "பயப்பட ஒண்ணுமில்லை, மாத்திரையில சரியாகும். ஆனா இது தெரியாமலே உண்டாகியிருந்தா கரு தங்கறதுல சிக்கல் வந்திருக்கலாம். கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்க. மறுபடி பார்த்துட்டு நானே பச்சைக்கொடி காட்டுறேன்."

அதுவரை துள்ளிக்கொண்டிருந்தவளுக்குப் படியிறங்கும்போது கண் கலங்கிவிட்டது. "ஒரு மாத்திரையை விட்டுட்டு இன்னொரு மாத்திரையா?" என்றாள். கணவன் அவள் கையை விடவில்லை. "அது கதவைச் சாத்தி வச்ச மாத்திரை. இது வர்றவங்களுக்கு வீட்டைத் தயார் பண்ற மாத்திரை. ஆள் வர்றதுக்கு முன்னாடி ஒழுகுற கூரையைப் பார்த்துட்டோம். அழற விஷயமா இது?" என்றான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

வீட்டில் கலெக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். "நான் சொன்னேன்ல, ஏதாவது ஒண்ணைக் கண்டுபிடிப்பாங்கன்னு!" என்று ஆரம்பித்தவர், டாக்டர் சொன்னதைச் சிட்டு அப்படியே ஒப்பித்ததும் வாசலை விட்டு உள்ளே வந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"கரு தங்காமப் போறதுக்கு இப்படியெல்லாம் காரணம் இருக்குமா?"

"இருக்கலாமாம், அண்ணி. ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியுமாம்."

"எனக்கு யாரும் பார்க்கலையேடி." அவர் குரல் உடைந்தது. "ராசியில்லைன்னாங்க. நானும் தலையாட்டிக்கிட்டு மாடியில போய் உட்கார்ந்துட்டேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலையே."

சிட்டு அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "இப்போ கேக்கலாம், அண்ணி. வயசு ஒண்ணும் ஓடிடலை."

கலெக்டர் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எழுந்தபோது பழைய அதிகாரக் குரல் திரும்பியிருந்தது. "போனை எடு. எனக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கு. உன்னை மறுபடி வரச் சொன்ன அன்னைக்கே இருக்கணும்!"

அந்த நாள் வந்தது. சிட்டுதான் முதலில் உள்ளே போனாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. "பச்சைக்கொடி! எல்லாம் சரியா இருக்காம்! இனிமே எப்ப வேணா..." என்று ஆரம்பித்தவளின் வாயைக் கணவன் பொத்தினான். மேசைப் பெண் எழுந்து நின்று கையைத் தட்டினாள்.

கலெக்டரின் கணவர் மட்டும் ஓரத்து நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். பேக்கரியில் மாவு பிசையும் மனிதர், அதிர்ந்து பேசமாட்டார்.

"ஏம்மா, நீ மட்டும் போயிட்டு வாயேன். உண்டாகவும் இல்லை, நோயும் இல்லை. இந்த வயசுல ரெண்டு பேரும் சேர்ந்து உள்ளே போனா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

கலெக்டர் நிமிர்ந்து நின்றார். கூடமே கேட்கட்டும் என்றுதான் பேசினார்.

"நினைக்கிறவங்க நினைச்சுட்டுப் போகட்டும். பழைய வண்டி வாங்கணும்னா நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் இன்ஜினைத் திறந்து பார்க்கறோம். ஒரு உசிரை உலகத்துக்குக் கூப்பிடுறதுக்கு முன்னாடி நம்ம ரெண்டு பேர் உடம்பும் தயாரான்னு டாக்டரைக் கேக்க மட்டும் வெக்கப்படுறோம். கேக்காம இருந்துட்டு, கெட்டது நடந்தா பொம்பளை மேல ராசின்னு பழியைப் போடுறோம். பிள்ளை வேணும்னு நினைக்கிறவங்க உண்டான பிறகு இல்லை, உண்டாகறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பார்க்கணும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமா பார்க்கணும். அதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்லை. எந்திரிங்க!"

மனிதர் எழுந்தார். சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு, மனைவிக்கு முன்னால் போய் டாக்டர் அறையின் கதவைத் திறந்து பிடித்தார்.