தரையில் விடாத பிள்ளை

கோபக்காரி என்று எனக்குப் பெயர். இருக்கட்டும். என் தங்கை அன்னாள் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

அன்னாளுக்கு மூத்தது கிரேஸ் மேரி. அவளுக்குப் பின் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. எழுபத்திரண்டில் பாஸ்கல் பிறந்ததும் வில்லியனூர் மாதாவிடம் அன்னாள் ஒரு நேர்ச்சை செய்துகொண்டாள். மாதா கோயில் குளத்தங்கரையில் இறக்கிவிடும்வரை பிள்ளையின் கால் மண்ணில் படாது. அவள் வாழ்க்கைப்பட்ட உறுவையாறு கிராமத்தில் அதுவரை யாரும் கேள்விப்படாத நேர்ச்சை. மாதாவா கேட்டாள்? இரண்டைப் பறிகொடுத்த பயம் கேட்டது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளையைச் சுமக்க யாரைப் பிடித்தாள் என்பதில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

ஏழு வயதுப் பெண்ணைப் பிடித்தாள். அன்னாள் நடவுக்கும் களைக்கும் போகவேண்டும், தம்பியைப் பார்க்க ஆள் வேண்டும். இரண்டாம் வகுப்போடு கிரேஸ் மேரியின் படிப்பு நின்றது.

பாஸ்கலுக்குத் தலை நின்றது, அன்னாள் சொல்லி ஊரே கேட்டது. குப்புறக் கவிழ்ந்தான், கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள் அன்னாள். அதே வாரம் கிரேஸ் மேரிக்கு முன்பல் இரண்டும் விழுந்தன. அதை நான் பார்த்துச் சொன்னபிறகுதான் பெற்றவளுக்கே தெரிந்தது.

பாஸ்கல் தவழ ஆரம்பித்தான். பாய்க்கு வெளியே கை வைத்தால் காலைப் பிடித்து இழுத்து உள்ளே போடவேண்டும், அதுவும் கிரேஸ் மேரியின் வேலை. ஒரு வயதில் திருவிழாவுக்குக் கொண்டுபோய் இறக்கியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அந்த வருஷம் பார்த்து வீட்டில் அம்மை போட்டது. நேர்ச்சை அடுத்த வருஷத்துக்குப் போயிற்று. தெருப் பிள்ளைகள் புழுதியில் விழுந்து எழுந்து ஓட, இவன் ராஜா மாதிரி அக்காள் இடுப்பில் உட்கார்ந்திருந்தான். நன்றாகச் சாப்பிட்டு நன்றாகக் கனத்தான். அவள் ஒரு பக்கமாக வளைந்துபோனாள்.

ஒருநாள் நான் குடியிருந்த வில்லியனூரிலிருந்து போய்ச் சண்டை பிடித்தேன்.

"ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கும்போது வரலைன்னா பேரை அடிச்சுடுவேன்னு சிஸ்டர் சொல்லிட்டாங்கடி. புள்ளைய இறக்கி விடு. அவனும் நடக்கட்டும், இவளும் படிக்கட்டும்."

"நேர்ச்சைய முறிக்கச் சொல்றியா? பெத்துப் பறிகுடுத்தவளுக்குத்தான் தெரியும். உனக்கு இன்னாக்கா தெரியும்?"

எனக்குப் பிள்ளை இல்லை. அதைத்தான் அப்படிச் சொன்னாள். அவள் புருஷன் மரியதாஸ் பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். "நீயாவது சொல்லேன்பா" என்றேன்.

"பொம்பளைங்க நேர்ச்சை. அதுல நான் இன்னாத்த சொல்றது?" என்றான்.

செருப்பைக் கழற்றலாமா என்று வந்தது. கிரேஸ் மேரி இடுப்புப் பிள்ளையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டர் முடிந்து திருவிழா வந்தது. குளத்தங்கரையில் நல்ல கூட்டம். அன்னாள் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு வயதுப் பிள்ளையை முதன்முதலாக மண்ணில் இறக்கினாள். கால் மடங்கி உட்கார்ந்துவிடுவான் என்று நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அவன் ஓடினான்! தள்ளாடவில்லை, தடுமாறவில்லை. நேராகப் பலூன்காரனிடம் ஓடிப் போய் நின்றான்.

"புதுமை! மாதா புதுமை பண்ணிட்டா!" அன்னாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். சுற்றியிருந்தவர்கள் முழங்காலில் விழுந்தார்கள். யார் யாரோ வந்து பாஸ்கலின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கே ஒரு கணம் மயிர்க்கூச்செறிந்தது. எது எப்படியோ, இனி இந்தப் பெண் பள்ளிக்கூடம் போவாள் என்று நினைத்தேன்.

அப்போது அன்னாள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "தாயே, மூணு மாசம் ஆவுது. இந்தப் புள்ளைக்கும் இதே நேர்ச்சைதான். உன் கரைக்கு வர்ற வரைக்கும் அது காலும் மண்ணுல படாது."

கூட்டம் ஆமென் என்றது. நான் கிரேஸ் மேரியைப் பார்த்தேன். அவள் முகமெல்லாம் சிவந்திருந்தது.

"மாதா ஒண்ணும் பண்ணல" என்றாள்.

சுற்றிலும் ஜெபம் நின்றது.

"நான்தான் நடக்க வெச்சேன். மாட்டுக் கொட்டாய் பின்னால, தெனம் தெனம். அவன் கீழ வுழுந்தா அழாம இருக்க வெல்லம் குடுத்தேன். நீ வர்றதுக்குள்ள காலைக் கழுவித் தொடைச்சு இடுப்புல வெச்சுக்குவேன். நேர்ச்சை எப்பவோ முறிஞ்சுபோச்சும்மா. அவன் ஒண்ணும் சாவல, நல்லாத்தான் இருக்கான். அடுத்ததை நான் தூக்கமாட்டேன். எனக்கு முடியல."

பாஸ்கலைத் தூக்கி உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். காய்த்துப்போயிருந்தது. மண்ணே படாத காலாம்! இத்தனை பேர் தொட்டுக் கும்பிட்டும் ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை.

"சண்டாளி! எம்புள்ளைய கொல்லப் பாத்தியாடி?" அன்னாள் கையை ஓங்கினாள். பிள்ளையை இறக்கிவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்த பிடியில் அவள் வளையல் உடைந்தது.

"இவமேல கை வெச்ச, மாதா முன்னாடின்னு பாக்கமாட்டேன். வயித்துல இருக்கிறத நீ தூக்கு. இல்ல, பீடி குடிச்சிக்கினு குந்தியிருக்கானே உன் புருஷன், அவனைத் தூக்கச் சொல்லு. இவ எங்கூட வர்றா."

கூட்டம் விலகி வழி விட்டது.

ஸ்டேஷன் பக்கம் இருந்த என் வீட்டுக்கு நடந்தே போனோம். அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். இடது இடுப்பைத் தள்ளி, வலது பக்கம் சாய்ந்து, ஒரு கையை வளைத்து வைத்துக்கொண்டு நடந்தாள். எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் அவள்மேல் பாய்ந்தது.

"இடுப்புலதான் யாரும் இல்லியே! நேரா நடேன்டி!" என்று கத்தினேன்.

அவள் நின்று திரும்பி, ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"நேராத்தான பெரிம்மா நடக்கறேன்" என்றாள்.