மோர்னிங்சைட் வில்வம்

இலையுதிர்காலத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு வாருங்கள், மோர்னிங்சைட் பூங்காவில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நடை என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்படி வருவதையெல்லாம் எங்கள் வீட்டில் நான்தான் படிப்பேன், நான்தான் அழிப்பேன். இந்த முறை என் கணவர் ராகுலன் முந்திக்கொண்டு மூன்று பேரின் பெயரையும் பதிந்துவிட்டார். வேலை செய்கிற வெயார்ஹவுசில் சனிக்கிழமை ஓவர்டைம் கிடைத்தால் காய்ச்சலோடும் போகிற மனிதர்.

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு முன்னர் எங்கள் மகள் நிலாணி சினேகிதியோடு ஐபேடில் கதைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. ஏதோ வீட்டுப்பாடத்தில் சந்தேகம். உன் அப்பாவிடம் கேட்டுப் பாரேன் என்று அந்தப் பிள்ளை சொல்ல, என் அப்பாவுக்குத் தெரிந்திருக்காது என்று இவள் ஆங்கிலத்தில் சொன்னாள். நக்கலும் இல்லை, கோபமும் இல்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். பக்கத்து அறையில் சொக்ஸ் போட்டுக்கொண்டிருந்த ராகுலன் மற்றக் கால் சொக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். மகளுக்கு முன்னால் தனக்கும் ஒன்று தெரியும் என்று ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும். அன்றிலிருந்து மனிதருக்கு அதே யோசனை.

பத்து மணி என்றால் எங்கள் ஆட்களுக்கு அது பத்தேகால். வோபர்னில் எங்கள் வீட்டில் இருந்து பத்து நிமிட ஓட்டம்தான், ஆனால் பற்றிஸ் பொரித்து முடிய வேண்டாமா? மூன்று பேர் வெளியே போக முப்பது பேருக்குச் சாப்பாடு கட்டாத தமிழ்க் குடும்பம் எங்கேயாவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். ராகுலன் கார் நிறுத்த இடம் தேடினார். நான் பெட்டிகளை இறக்கினேன். நிலாணி மட்டும் ஓடிப்போய், வழிகாட்டி நடாஷாவைச் சுற்றி நின்றவர்களோடு சேர்ந்துகொண்டாள். நாங்கள் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது நடாஷா ஆரம்ப அறிவித்தல்களை முடித்துவிட்டு நடக்கத் தொடங்கியிருந்தாள்.

ராகுலன் முன்வரிசை மாணவன் மாதிரி நடாஷாவுக்குப் பக்கத்திலேயே நடந்தார். அவள் ஒரு மரத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். மேப்பிள் என்று இவர் உரத்துச் சொன்னார். அது ஓக். காலடியில் ஓக் கொட்டைகள் கொட்டிக் கிடந்தன. இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். நிலாணி சிரிக்காமல் தன் சப்பாத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ராகுலன் மெல்லமெல்லப் பின்தங்கி எங்களோடு வந்து சேர்ந்தார்.

ஆற்றோரப் பாதையில் நிழலுக்குள் ஒரு சிறு செடி நின்றது. மற்றதெல்லாம் சிவந்தும் பழுத்தும் போயிருக்க, அதில் சில இலைகள் இன்னும் பச்சையாக இருந்தன. மூன்று மூன்றாக, நடு இலைக்குக் காம்பு கொஞ்சம் நீளமாக. ராகுலன் குந்தி இருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

"பிள்ளை, இஞ்சை வாங்கோ. உது என்ன தெரியுமே? வில்வம். சிவபெருமானுக்கு வைக்கிற இலை."

இந்தப் பனி நாட்டில் வில்வம் எப்படி முளைக்கும் என்று எனக்கும் ஒரு கேள்வி வந்தது. வாயை மூடிக்கொண்டேன். சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் போய் என்னத்தைக் கேட்பது? அவர் 'சிவ சிவா' என்று மூன்று கொத்துப் பறித்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு ஒன்றை நிலாணியிடம் நீட்டினார்.

நிலாணி இலையைப் பார்த்தாள். தூரத்தில் போய்க்கொண்டிருந்த நடாஷாவைப் பார்த்தாள். பிறகு தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் எனக்கும் ஒன்று நீட்ட, அவள் இடையில் புகுந்து, அம்மாவின் கை முழுக்க எண்ணெய், எல்லாவற்றையும் தானே வைத்திருக்கிறேன் என்று மூன்றையும் வாங்கிக்கொண்டாள். கோயிலுக்கு வா என்றால் வயிற்றுவலி என்கிற பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா என்று நான் பூரித்துப்போனேன். சாப்பிட உட்கார முதல், சோப் போட்டு முகம் கழுவிவிட்டு வரும்படி தகப்பனைக் கரைச்சல்படுத்தினாள். கண்ணையும் கழுவ வேண்டுமாம். பார், எவ்வளவு அக்கறை என்று அவர் என்னிடம் பெருமைப்பட்டார்.

வீட்டுக்கு வந்து சுவாமித் தட்டில் வைக்கக் கேட்டபோது, இலைகள் வழியில் விழுந்துவிட்டன என்றாள். ராகுலனுக்கு அதுகூடக் கவலையாக இல்லை. அடுத்த வருடமும் போவோம் என்றார்.

ஞாயிறு இரவு கண் கடித்து அரிக்கிறது என்றார். திங்கள் காலை இரண்டு இமைகளும் மோதகம் மாதிரி வீங்கி மூடிவிட்டன. பள்ளிக்கூடம் முடிய நிலாணியையும் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். என்ன தொட்டீர்கள் என்று டொக்டர் கேட்க, நான் அந்த இலையைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதே இலை. பொய்சன் ஐவி, இங்கத்தைய பற்றைகளில் சாதாரணமாக முளைக்கிற நச்சுச்செடி என்றார். நான் ராகுலனுக்குச் சொன்னேன்.

வேறு யாராவது தொட்டீர்களா என்று டொக்டர் கேட்டார்.

நிலாணி நேற்றிலிருந்து கழற்றாமல், விரல்கள் மூடப் போட்டிருந்த ஸ்வெட்டரின் கையை மேலே இழுத்தாள். விரல் இடுக்கிலிருந்து மணிக்கட்டு வரை சின்னச்சின்னக் கொப்புளங்கள்.

"நடாஷா முதலே சொன்னவ," என்றாள். "மூண்டு இலை எண்டால் தொடக்கூடாதெண்டு."

"தெரிஞ்சுகொண்டு ஏன் வாங்கினனி?"

அவளில் கோபமா, எங்கள் இரண்டு பேரிலும் கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

"அப்பா கண்ணிலை வச்சிட்டார், அம்மா. பிறகு சொல்லி என்ன? அவர் அவ்வளவு ஹப்பியா இருந்தவர்."

ராகுலன் கண் திறக்க முடியாமல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியபடி இருந்தார். மூடிய இமைகளுக்குள்ளிருந்து தண்ணீர் வந்தது. வீக்கத்தால் வடிகிற நீர் என்று டொக்டர் நினைத்திருப்பார்.

திரும்பும்போது நான் கார் ஓட்டினேன். அவர் முன்னால் ஏறாமல், தடவித் தடவிப் பின் சீற்றில் மகளுக்குப் பக்கத்தில் ஏறினார். மோர்னிங்சைட் பூங்காவைத் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை," என்றார். "எனக்கு உதுகள் ஒண்டும் தெரியாது. நடாஷா வேறை என்னென்ன சொன்னவ? முதல்லை இருந்து சொல்லுங்கோ."

நிலாணி ஓக் மரத்திலிருந்து தொடங்கினாள். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.